முதலில் பேசுவது மெட்டு

1982இல் ஆங்கிலேயப் பாடகர் ஸ்டிங் ஜமைக்காவில் ஒரு வீட்டில் தங்கியிருந்தார். கோல்டன்ஐ என்ற அந்த வீட்டில்தான் இயான் ஃபிளெமிங் ஜேம்ஸ் பாண்ட் நாவல்களை எழுதினார். ஃபிளெமிங்கின் அதே மேசையில் உட்கார்ந்து ஸ்டிங் எழுதிய பாட்டு 'எவ்ரி பிரெத் யூ டேக்'. அடுத்த ஆண்டு அவருடைய தி போலீஸ் குழு அதை வெளியிட்டபோது அமெரிக்காவின் பில்போர்டு பட்டியலில் 8 வாரம் முதலிடத்தில் இருந்தது. தங்கள் பதிவேட்டில் உள்ள பாடல்களில் அமெரிக்க வானொலிகளில் அதிகம் ஒலித்தது இதுதான் என்று 2019இல் பிஎம்ஐ என்ற பாடல் உரிமை அமைப்பு அறிவித்தது. மேற்கத்திய நாடுகளில் எத்தனையோ மணமக்கள் கல்யாண விருந்தில் இந்தப் பாட்டுக்கு ஆடியிருக்கிறார்கள்.

வரிகளைத் தனியே எடுத்துப் படித்தால் கல்யாணத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. விட்டுப் பிரிந்த பெண் என்ன செய்தாலும் தன் கண்ணுக்குத் தப்பாது, அவள் தனக்கே உரியவள் என்கிறான் ஒருவன். ஸ்டிங்கின் முதல் திருமணம் முறிந்திருந்த காலம் அது. எழுதும்போது கண்காணிப்பும் கட்டுப்பாடும்தான் மனதில் இருந்தன, அது ஒரு விபரீதமான பாட்டு என்று அவரே பின்னாளில் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். ஆனாலும் உலகம் அதைக் காதல் பாட்டாகத்தான் வைத்துக்கொண்டிருக்கிறது.

இதைக் கேட்பவர்களின் கவனக்குறைவு என்று ஒதுக்க எனக்கு மனமில்லை. இத்தனை பேர் ஒரே மாதிரி தப்பாகக் கேட்கிறார்கள் என்றால், அந்தக் காதுகளுக்குள் வேறு ஏதோ ஒன்று சரியாகப் போய்ச் சேர்ந்திருக்கிறது. அது மெட்டு.

மேற்கத்திய மேஜர் ஸ்கேல் என்பது நம் சங்கராபரணத்தின் சுரங்கள். மைனர் ஸ்கேல் நடபைரவியின் சுரங்கள். பல சுரங்கள் சேர்ந்து ஒலிப்பது கார்டு. ச, ப இரண்டும் அப்படியே இருக்க, நடுவில் அந்தர காந்தாரம் வந்தால் மேஜர் கார்டு. அரைச்சுரம் இறங்கி சாதாரண காந்தாரம் வந்தால் மைனர் கார்டு. ஸ்டிங்கின் பாட்டு மேஜரில் இருக்கிறது. ச, த, ம, ப என்ற நான்கு சுரங்களை அடியாகக் கொண்ட கார்டுகள் வரிசையாக வருகின்றன. 1950களின் அமெரிக்கக் காதல் பாடல்களில் நூற்றுக்கணக்கில் கேட்ட வரிசை இது. பழகிய காதுக்கு முதல் சில நொடிகளிலேயே 'இது காதல்' என்ற செய்தி போய்விடுகிறது.

அந்த வரிசையை அப்படியே வாசித்திருந்தால் பாட்டு சாதாரணமாகப் போயிருக்கும். குழுவின் கிடார் கலைஞர் ஆண்டி சம்மர்ஸ் ஒவ்வொரு கார்டிலும், அதன் அடிச்சுரத்தை ச என்று கொண்டால் வரும் மேல் ரிஷபத்தைச் சேர்த்தார். ஹங்கேரிய இசையமைப்பாளர் பார்டோக்கின் வயலின் இரட்டைகளை வாசித்துப் பழகியதிலிருந்து வந்த யோசனை என்று அவர் சொல்லியிருக்கிறார். இடக்கை விரல்களை நன்றாக விரித்துக் கம்பிகளைப் பிடிக்க வேண்டும். வலது உள்ளங்கையின் ஓரத்தைக் கம்பிகள்மேல் பதித்து ஒலியை அமுக்க வேண்டும். ச, ப, ரி, க என்று விரல் ஏறும்போது ரிஷபமும் காந்தாரமும் ஒன்றோடொன்று லேசாக உரசுகின்றன. இனிமையின் உள்ளே ஒரு சின்ன முள். பேஸ் கிடாரோ எட்டெட்டாக, ஒரே சீராக, விடாமல் போய்க்கொண்டிருக்கிறது. அந்த விடாப்பிடிதான் வரிகளில் இருக்கும் மனிதனின் உண்மையான குணம் என்று நினைக்கிறேன். கார்டுகள் கனிவாகப் பேசுகின்றன, தாளம் ஆளை விடமாட்டேன் என்கிறது.

நடுவில் ஓரிடத்தில் பாட்டு தன் சுருதி வட்டத்தை விட்டே வெளியேறுகிறது. சங்கராபரணத்தில் இல்லாத சுத்த தைவதத்தின்மேல் ஒரு மேஜர் கார்டு எழுகிறது. அதுவரை மிரட்டிக்கொண்டிருந்தவன் அங்கேதான் முதல்முறையாகத் தன் தனிமையை ஒப்புக்கொள்கிறான். வரியில் முகமூடி கழன்ற அதே நொடியில் இசையும் காலடி நிலத்தை மாற்றிக்கொள்கிறது. பாட்டின் மிக நேர்மையான சில நொடிகள் அவை.

1997இல் இதே கிடார் சுழல் வேறொரு வேலைக்கு வந்தது. அந்த ஆண்டு மார்ச்சில் லாஸ் ஏஞ்சலஸில் ராப் பாடகர் நொட்டோரியஸ் பி.ஐ.ஜி. சுட்டுக் கொல்லப்பட்டார். அவருக்கு அஞ்சலியாக பஃப் டாடி, பி.ஐ.ஜி.யின் மனைவி ஃபெய்த் எவன்ஸ், 112 குழு மூவரும் சேர்ந்து பாடிய 'ஐ'ல் பி மிஸ்ஸிங் யூ' பாட்டுக்கு அடித்தளம் சம்மர்ஸின் அதே விரலோட்டம். பல்லவியின் மெட்டும் அதேதான். 11 வாரம் பில்போர்டு முதலிடம். கல்யாணத்தில் ஆடிய அதே மெட்டுக்கு இப்போது துக்கம் காத்தார்கள். இரண்டும் பொருந்தின. மெட்டு தருவது ஒருவித ஏக்கத்தை. அந்த ஏக்கம் யார்மேல், எதனால் என்பதை வரிகள் நிரப்புகின்றன.

இந்த வேலைப் பிரிவினை மூளைக்குள்ளேயே தொடங்குகிறது. மான்ட்ரியலில் ராபர்ட் ஜட்டோர், பிலிப் அல்புவி ஆகியோரின் குழு 2020இல் 'சயன்ஸ்' இதழில் ஒரு சோதனையை வெளியிட்டது. 10 வாக்கியங்களை 10 மெட்டுகளில் மாற்றி மாற்றிப் பாடவைத்து, பக்கவாத்தியம் இல்லாத 100 சிறு பாடல்களை உருவாக்கினார்கள். பிறகு ஒலியை இரண்டு விதமாகக் கெடுத்தார்கள். ஒலி நொடிக்கு நொடி மாறும் வேகத்தை மழுக்கியபோது வரிகள் புரியாமல் போயின, மெட்டு தப்பியது. சுருதிகளுக்கிடையே உள்ள நுண்ணிய வித்தியாசத்தை மழுக்கியபோது மெட்டு காணாமல் போனது, வரிகள் தெளிவாகக் கேட்டன. ஸ்கேனில் பார்த்தால், சொற்களுக்கான நுணுக்கத்தை இடப்பக்கச் செவிப் புறணியும், மெட்டுக்கான நுணுக்கத்தை வலப்பக்கமும் அதிகமாகக் கையாண்டன. ஒரே தொண்டையிலிருந்து ஒரே நேரத்தில் வரும் பாட்டை நாம் இரண்டாகப் பிரித்து வாங்கிக்கொள்கிறோம்.

மெட்டை அடையாளம் காண்பதும் அதை உணர்வதும்கூட ஒன்றல்ல. இசபெல் பெரெட்ஸும் சகாக்களும் 1998இல் எழுதிய ஆய்வில், மூளை பாதிப்புக்குப் பிறகு பழகிய பாட்டையே அடையாளம் காண முடியாமல் போன ஒரு பெண்மணியைப் பற்றிச் சொல்கிறார்கள். மெட்டில் வேண்டுமென்றே நுழைத்த அபசுரம்கூட அவருக்குத் தெரியவில்லை. ஆனால் இது மகிழ்ச்சியான இசையா சோகமான இசையா என்று கேட்டால் மற்றவர்களைப் போலவே சரியாகச் சொன்னார். என்ன பாட்டு என்று தெரியாதபோதும் அதன் மனநிலை அவரிடம் வந்து சேர்ந்திருந்தது.

அப்படியானால் வரிகளுக்கு என்ன பங்கு? வாஷிங்டனில் உள்ள அமெரிக்கன் பல்கலைக்கழகத்தில் உமர் அலி, ஜெஹ்ரா பெய்னிர்ஜியோலு இருவரும் 2006இல் வெளியிட்ட ஆய்வு இதை நேராகக் கேட்டது. மகிழ்ச்சி, சோகம், அமைதி, கோபம் ஆகிய நான்கு உணர்ச்சிகளுக்கான மெட்டுகளை வரிகளோடும் வரிகள் இல்லாமலும் கேட்கவைத்தார்கள். மொத்தத்தில் மெட்டின் கைதான் ஓங்கியிருந்தது. அதைவிட முக்கியமான முடிவு இன்னொன்று: மகிழ்ச்சியான, அமைதியான மெட்டுகளில் வரிகள் உணர்ச்சியைக் குறைத்தன, சோகமான, கோபமான மெட்டுகளில் கூட்டின. பின்லாந்தில் எல்விரா பிராட்டிகோ குழு 2011இல் செய்த ஸ்கேன் ஆய்வும் இதே திசையில்தான் போகிறது. சோகப் பாட்டுகளில் வரிகள் இருந்தபோது, உணர்ச்சியைக் கையாளும் அமிக்டலா உள்ளிட்ட பகுதிகள் கூடுதலாக இயங்கின.

இதற்கு எனக்குத் தோன்றும் காரணம் எளிமையானது. சந்தோஷத்துக்குக் காரணம் தேவையில்லை. காரணத்தை விளக்க ஆரம்பித்தால் அது கொஞ்சம் குறைந்துகூடப் போகும். துக்கம் அப்படியல்ல. துக்கம் வந்தால் யாரால், ஏன், எப்போது என்று மனசு தேடும். அந்தத் தேடலுக்குப் பதில் தருவது வரிகள். உலகத்தின் காதல் பாட்டுகளில் நிலைத்து நிற்பவற்றில் பல கைகூடாத காதலைப் பற்றியவை என்பதில் வியப்பில்லை.

வரிகளை மாற்றாமல் இசையை மட்டும் மாற்றினால் என்ன ஆகும் என்பதற்கு ராக் இசையிலேயே ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. 1970இல் கிடார் கலைஞர் எரிக் கிளாப்டன் தன் நண்பர் ஜார்ஜ் ஹாரிசனின் மனைவி பாட்டி பாய்ட் மேல் காதல் கொண்டிருந்தார். பாரசீகக் கவிஞர் நிஜாமியின் லைலா மஜ்னு கதை அவர் கைக்குக் கிடைத்தது. அடைய முடியாத பெண்ணுக்காகப் பித்தான மஜ்னுவில் தன்னையே கண்டார். டெரிக் அண்ட் தி டாமினோஸ் என்ற பெயரில் அவர் குழு மயாமியில் பதிவு செய்த பாட்டு 'லேலா'.

அந்தப் பதிவு தொடக்கத்திலேயே கத்துகிறது. அடுக்கடுக்காகப் பதிவு செய்த மின்கிடார்கள் மைனர் ஸ்கேலில் ஒரு சிறு துணுக்கைத் திரும்பத் திரும்ப எறிகின்றன. அவற்றுக்கு மேலே டுவேன் ஆல்மனின் ஸ்லைடு கிடார் கிட்டத்தட்ட அழுகிறது. சரணம் ஆரம்பிக்கும்போது சுருதி திடீரென அரைச்சுரம் இறங்குகிறது. பல்லவிக்குத் திரும்பும்போது மறுபடி ஏறுகிறது. கேட்பவருக்கு இலக்கணம் தெரிய வேண்டியதில்லை, தரை நழுவுவது தெரியும். கிளாப்டனின் குரல் தன் எல்லையின் உச்சியில் நின்று கெஞ்சுகிறது. இந்தக் களேபரம் அடங்கிய பிறகு மேஜர் சுருதியில் நீண்ட பியானோ பகுதி ஒன்று வருகிறது. அதில் ஒரு சொல்கூட இல்லை. வரிகளில் கிடைக்காத ஆறுதலை அந்தப் பியானோ தருகிறது.

1979இல் கிளாப்டன் அதே பாட்டி பாய்டை மணந்தார். பத்தாண்டுகளில் அந்த மணவாழ்க்கையும் முடிந்தது. 1992 ஜனவரியில் இங்கிலாந்தின் பிரே ஸ்டூடியோவில், எம்டிவியின் 'அன்பிளக்டு' நிகழ்ச்சிக்காக மின்சாரமில்லாத கிடாரோடு அவர் உட்கார்ந்து 'லேலா'வை மறுபடி பாடினார். வரிகள் அதேதான். வேகம் குறைந்திருந்தது, தாளம் ஆடி அசைந்து நடந்தது, குரல் கீழ் ஸ்தாயியில் தாழ்ந்து வந்தது. அந்தப் புகழ்பெற்ற கத்தலும் இல்லை, கடைசிப் பியானோ பகுதியும் இல்லை. 1970இல் 'வந்துவிடு' என்று மண்டியிட்ட சொற்கள், 1992இல் 'அப்படியும் ஒரு காலம் இருந்தது' என்று நினைத்துப் பார்ப்பவனின் சொற்களாகிவிட்டன. இந்தப் பதிவுக்குச் சிறந்த ராக் பாட்டுக்கான கிராமி விருது கிடைத்தது. எனக்கு முதல் பதிவுதான் உயிர். ஆனால் வேகமும் ஸ்தாயியும் மட்டும் ஒரு வாக்கியத்தின் பொருளை எவ்வளவு தூரம் நகர்த்தும் என்று அறிய விரும்புகிறவருக்கு இரண்டாவது பதிவைவிட நல்ல பாடம் கிடையாது.

மின்கிடாரின் கரகரப்பைப் பற்றித் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் ராக் காதல் பாட்டை மற்றக் காதல் பாட்டுகளிலிருந்து பிரிப்பதே அதுதான். ஆம்ப்ளிஃபயர் தாங்குவதைவிட அதிகமாக ஒலியைச் செலுத்தினால் அலையின் உச்சிகள் வெட்டப்பட்டு, மூல ஒலியில் இல்லாத மேலொலிகள் முளைக்கின்றன. பயந்துபோன விலங்கின் குரலிலும் இதேபோன்ற முறிவு இருக்கிறது. மலைப்பகுதிகளில் வாழும் மார்மட் என்ற அணிலினப் பிராணிகளின் அபாயக் குரலை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தவர் கலிஃபோர்னியாவின் டேனியல் பிளம்ஸ்டீன். 2012இல் அவரும் சகாக்களும், சாதுவாகத் தொடங்கி நடுவில் கரகரப்பாக உடையும் இசைத் துணுக்குகளை உருவாக்கிக் கேட்கவைத்தார்கள். உடைந்த இசை கேட்பவரை அதிகமாகக் கிளர்த்தியது. அந்தக் கிளர்ச்சி இனிமையின் பக்கம் சாயவில்லை. 2015இல் லூக் அர்னல், டேவிட் பெப்பெல் ஆகியோரின் குழு மனித அலறலைப் பிரித்துப் பார்த்தது. நொடிக்கு 30 முதல் 150 தடவை வரை ஒலியின் பலம் ஏறி இறங்கும் கரடுமுரடுதான் அலறலின் முத்திரை என்றும், அது அமிக்டலாவைத் தூண்டுகிறது என்றும் கண்டார்கள். காதலைச் சொல்லும் வரிக்குப் பின்னால் இப்படியொரு ஒலியை வைத்தால், அந்தக் காதலில் ஆபத்து இருக்கிறது என்று உடம்புக்குத் தெரிந்துவிடுகிறது.

ரேடியோஹெட் குழுவின் 'கிரீப்' (1992) இதைக் கச்சிதமாகக் காட்டும். பாட்டு முழுக்க நான்கே கார்டுகள் சுற்றிச் சுற்றி வருகின்றன. ஆதார சுருதியை ச என்று வைத்துக்கொண்டு, அந்தக் கார்டுகளுக்குள் ஒளிந்திருக்கும் ஒற்றை இழையை மட்டும் பின்தொடருங்கள்: முதல் கார்டில் ப, இரண்டாவதில் சுத்த தைவதம், மூன்றாவதில் சதுஸ்ருதி தைவதம், நான்காவதில் மறுபடி சுத்த தைவதம், பிறகு திரும்பவும் ப. அரையரைச் சுரமாக இரண்டு படி ஏறி, அதே வழியில் இறங்கிவிடுகிறது. நான்காவது கார்டில் மேஜர் மைனராக மாறுவதற்குக் காரணம் அந்த ஒரே ஒரு அரைச்சுரம்தான். வரிகளில் இருப்பவனும் இதையேதான் செய்கிறான்: தனக்கு எட்டாத ஒருத்தியை அண்ணாந்து பார்க்கிறான், நமக்கென்ன தகுதி என்று தலை குனிகிறான். பாட்டு முடியும்வரை நப்பாசையும் சரிவும் அந்த இழையில் மாறி மாறி நடக்கின்றன. பாடகர் தாம் யார்க் ஒரு சொல்லும் பாடாவிட்டாலும் அந்தக் கதை அங்கே இருக்கும்.

அவளைப் புகழும் சரணம் மெல்லிய கிடாரில் அமைதியாகப் போகிறது. அவன் தன்னையே ஏசிக்கொள்ளும் பல்லவி தொடங்குவதற்குச் சற்று முன்னால், ஜானி கிரீன்வுட்டின் கிடார் கம்பிகளை அமுக்கி அறைந்தாற்போல் சில அடிகள் அடிக்கிறது. பாட்டு இத்தனை சாதுவாக இருப்பது பிடிக்காமல் அதைக் கெடுக்கத்தான் கிரீன்வுட் அப்படி அடித்தார் என்று குழுவின் மற்றொரு கிடார் கலைஞர் எட் ஓ'பிரையன் சொல்லியிருக்கிறார். கெடுக்க வந்த அடியே பாட்டின் உயிராகிவிட்டது. பல்லவியின் வரிகள் என்ன சொல்லப்போகின்றன என்பதை அவை வாய்க்கு வருமுன்னே அந்த அடி சொல்லிவிடுகிறது. பாட்டு பழகிய பிறகு அந்த இடத்துக்காகக் காத்திருக்கவே ஆரம்பித்துவிடுகிறோம். காத்திருப்புக்கும் மூளையில் தனி இடம் உண்டு. 2011இல் வலோரி சலிம்பூரும் ஜட்டோரும் அளந்தபோது, மயிர்க்கூச்செறியும் கட்டம் நெருங்குகையில் கொடேட் என்ற பகுதியிலும், அந்தக் கட்டத்தில் அக்கும்பென்ஸ் என்ற பகுதியிலும் இன்ப உணர்வோடு தொடர்புடைய டோபமைன் சுரந்தது. அவர்கள் பயன்படுத்தியது வரிகளே இல்லாத வாத்திய இசை.

மேஜர் என்றால் மகிழ்ச்சி, மைனர் என்றால் சோகம் என்பது மேற்கத்தியப் பழக்கம் மட்டும்தானா என்ற கேள்வி நியாயமானது. இங்கே தமிழுக்கும் ஒரு பங்கு இருக்கிறது. டேனியல் பவ்லிங், ஜனனி சுந்தரராஜன், டேல் பர்வ்ஸ் ஆகியோர் அடங்கிய குழு 2012இல் கர்நாடக ராகங்களையும் மேற்கத்திய மெட்டுகளையும் ஒப்பிட்டது. கூடவே தமிழ் பேசுபவர்களின் பேச்சையும் அமெரிக்க ஆங்கிலப் பேச்சையும் பதிவு செய்து அளந்தது. இரண்டு மொழிக்காரர்களும் உற்சாகமாகப் பேசும்போது குரல் பெரிய தாவல்களாக ஏறி இறங்குகிறது. சோர்ந்து பேசும்போது தாவல்கள் சுருங்குகின்றன. இரண்டு இசை மரபுகளிலும் மகிழ்ச்சிக்கு உரிய மெட்டுகளில் சுர இடைவெளி பெரிது, துயரத்துக்கு உரியவற்றில் சிறிது. மனம் உடைந்தவரின் பேச்சு எப்படித் தாழ்ந்து குறுகுகிறதோ அதையே மெட்டும் செய்கிறது. கேமரூனில் மேற்கத்திய இசையையே கேட்டிராத மாஃபா மக்கள், அந்த இசையில் மகிழ்ச்சியையும் சோகத்தையும் அச்சத்தையும் ஊகத்தைவிட அதிகமாகவே சரியாகக் கண்டுகொண்டார்கள் என்று 2009இல் தாமஸ் ஃபிரிட்ஸ் குழு காட்டியது.

எல்லாம் பிறவியிலேயே வந்துவிடுகிறது என்றும் சொல்லிவிட முடியாது. பொலிவியாவின் சிமானே மக்களுக்கு, நம் காதில் இனிமையாக இழையும் கார்டும் உரசும் கார்டும் ஒரே அளவு பிடித்திருந்தன என்று 2016இல் ஜாஷ் மெக்டெர்மட் குழு 'நேச்சர்' இதழில் எழுதியது. சம்மர்ஸின் ரிஷபத்தில் இருக்கும் அந்த முள் அவர்களைக் குத்தாமலே போகலாம்.

இப்போது பாட்டுக்கு மனநிலை குறிக்கும் வேலையைக் கணினிகளும் செய்கின்றன. ஸ்பாட்டிஃபை தன் பாட்டுகளுக்கு 'வேலன்ஸ்' என்ற பெயரில் 0 முதல் 1 வரை ஒரு மதிப்பு வைத்திருக்கிறது. 1ஐ நெருங்கினால் மகிழ்ச்சி, 0வை நெருங்கினால் சோகம் அல்லது கோபம். அது ஒலியை வைத்து இடப்படும் மதிப்பு. ஒரே கிடார் சுழலில் அமைந்த கண்காணிப்பையும் அஞ்சலியையும் அந்த எண்ணால் பிரித்துக் காட்ட முடியாது. அந்த வேலை நம்முடையது. உங்களுக்கு மிகப் பிடித்த காதல் பாட்டு ஒன்றின் வரிகளை எழுதிவைத்து, மெட்டில்லாமல் ஒருமுறை வாய்விட்டுப் படியுங்கள். பிறகு பாட்டைப் போட்டுக் கேளுங்கள். மெட்டும் வரியும் எங்கே கைகோக்கின்றன, எங்கே விலகுகின்றன என்று நீங்களே குறித்துக்கொள்ளலாம்.